ஓபலின் குரல் எங்கே போனது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைரன் அலறியபோது லோர்னா டாக்கெட் கோபத்தில் இருந்தாள். கோபத்தில் அது அவள் காதிலேயே விழவில்லை. காதை வைத்துப் பிழைப்பவளுக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் உள்ளே வந்து விழாத குறையாக நின்றான். மார்போடு ஒரு காகிதப் பையை அணைத்திருந்தான்.

"சைரன் கேட்கலையா உங்களுக்கு?"

"அது மாசாமாசம் கத்தறதுதானே..."

"அது சனிக்கிழமைங்க! இன்னிக்குச் செவ்வாய். நிஜமாவே சூறாவளி மேற்கால இருந்து வந்துட்டு இருக்கு. ஜன்னல் இல்லாத ரூம் எது?"

அப்போதுதான் அவள் வெளியே பார்த்தாள். பெர்ரி ஹில் தெருவில் வரிசையாக நிற்கும் குட்டி வீடுகள் எல்லாம் மழைக்குள் காணாமல் போயிருந்தன. அதில் பாதி வீடு அவளுடையதைப் போலவே ஸ்டுடியோ. பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில்லில் சமையலறையை இடித்துவிட்டு ஸ்பீக்கர் வைக்கிறவர்களுக்கா பஞ்சம்?

ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாடகர்கள் நின்று பாடுகிற அறை. அறை என்பதுகூட மரியாதைக்குத்தான்... பெரிய அலமாரி. அதற்குள் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் மழை, காற்று, சைரன் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. அவன் தலைமுடியிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அவன் மூச்சும்...

'சே! எதையெல்லாம் கேட்கிறேன் நான்!'

நிமிர்ந்தாள். அவனும் அதே நேரம் நிமிர்ந்தான். புயலுக்கு முன் இந்த ஊர் வானம் ஒரு பச்சைச் சாம்பல் நிறம் எடுக்குமே... அந்த நிறக் கண்கள். பார்த்த உடனே ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். அவளுக்கு ஏனோ ஓடத் தோன்றவில்லை.

"எல்லிஸ்" என்றான் அவன். "சாப்பாடு வாங்கிட்டுப் போயிட்டு இருந்தேன். முதல்ல தெரிஞ்ச கதவு இது. காரக் கோழி சாப்பிடுவீங்களா?"

"லோர்னா. கேட்டுட்டா குடுப்பாங்க?"

கோழி பிரிக்கப்பட்டது. அவனுக்கும் சத்தம் சம்பந்தப்பட்ட வேலைதானாம். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் பல் டாக்டர்கூட அப்படித்தான் சொல்வார்.

"மிக்ஸிங்கா பண்றீங்க? எந்த சாஃப்ட்வேர்?" என்று அவன் கேட்டான். குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டாக்குகிற வேலைதான் மிக்ஸிங்.

"ஆளைப் பார்த்து நீங்களே சொல்லுங்க பார்ப்போம்."

"லாஜிக்?"

"ஐயே! லாஜிக் வெச்சிருக்கிறவங்க பாட்டை ஆரம்பிப்பாங்க. முடிக்கவே மாட்டாங்க."

"ஏபிள்டன்?"

"டம் டம்னு அடிச்சுட்டு இருக்க எனக்கென்ன இருபது வயசா?"

"அப்ப ப்ரோ டூல்ஸ்தான். முகத்துல ஒரு ஆபீசர் களை தெரியுது."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். "எட்டு வருஷம் அதுலதான் குப்பை கொட்டினேன், இன்னொருத்தர் ஸ்டுடியோவுல. இப்பச் சொந்தக் கடை... ரீப்பர். ஸ்கிரீன்ல நம்ம இஷ்டத்துக்கு எந்த டப்பாவை எங்க வேணா வெச்சுக்கலாம். யாரும் கேட்க முடியாது."

"ரீப்பர்ல சத்தம் கொஞ்சம் மெலிசா இருக்கும்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னா? எந்த சாஃப்ட்வேருக்கும் தனியாச் சத்தம் கிடையாதுங்க. நம்பர் ஒண்ணா இருந்தா சத்தமும் ஒண்ணு. அவ்வளவுதான்."

"கிட்டத்தட்ட..."

"என்ன கிட்டத்தட்ட?"

"ஒண்ணுமில்ல. கோழி காரம்."

காரமோ, அந்தக் கண்களோ... அவளுக்கு மனம் இளகிவிட்டது. காலையிலிருந்து உள்ளே கொதித்துக்கொண்டிருந்ததைக் கொட்டினாள்.

"எனக்கு இப்ப ஒரு வாய்ப்பு வந்திருக்கு. ஓபல் ஸ்டின்சன்னு ஒரு பொண்ணு பாடினது. வெர்னா ஹார்மன் தெரியுமில்ல? அந்தம்மா கம்பெனி. முதல் பாட்டு நல்லா வந்தா மீதிப் பத்தும் எனக்கு. இல்லேன்னா என் பழைய முதலாளிக்கே போயிடும். உயிரைக் குடுத்து மிக்ஸ் பண்ணி அனுப்பினேன். பாட்டு வெளியே போறதுக்கு முன்னாடி கடைசி மெருகு போடற மாஸ்டரிங் ஆளு, எந்தச் செவிடனோ தெரியல, எழுதி அனுப்பறான்... 'குரல் மூழ்கிக் கிடக்கிறது. மிக்ஸ் செய்தவர் தயவுசெய்து ஒருமுறை காதால் கேட்கவும்'னு! காதால! நான் பின்னே மூக்காலயா கேட்கிறேன்?"

எல்லிஸுக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் கொடுத்தாள். முதுகில்கூடத் தட்டினாள். பாவம், என்று நினைத்தாள்.

"லோர்னா..." அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பாட்டை ரீப்பர்லயேதான் முடிச்சு அனுப்பினீங்களா?"

"இல்ல. அவங்க கம்பெனியில எல்லாத்தையும் ப்ரோ டூல்ஸ்லதான் கேட்பாங்க. அதனால ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் வெச்ச சத்த அளவை, அந்த ஃபேடர் நம்பரை, பார்த்துப் பார்த்து அதுல மாத்தி வெச்சு, அங்கேருந்து எடுத்து அனுப்பினேன். அரை டெசிபல்கூடப் பிசகல."

"மாத்தினதுக்கு அப்புறம் கேட்டீங்களா?"

"எதுக்கு? அதே நம்பர்தானே?"

அவன் கோழிப் பையை ஓரமாகத் தள்ளி வைத்தான். வாயை மூடிக்கொண்டு மழை விட்டதும் நடையைக் கட்டியிருந்தால் நல்ல பெயரோடு போயிருக்கலாம். ஆனால் அவள் கொடுத்த தண்ணீர் இன்னும் கையில் இருந்தது. அவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

"அந்தச் செவிடன் நான்தாங்க."

லோர்னா எழுந்து கதவைத் திறந்தாள். சைரன் நின்றிருந்தது. சூறாவளி வேறு பக்கம் போய்விட்டது. மழை மட்டும் போகவில்லை.

"வெளியே!"

"சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நடுவுல வெச்ச ட்ராக் எல்லாம்..."

"என் கோழியைத் தின்னுக்கிட்டே என்னை வேவு பார்த்தீங்களா?"

"அது என் கோழிங்க..."

"வெளியே!"

போய்விட்டான். பாதிக் கோழி மிச்சம் இருந்தது. அதை அவள் சாப்பிட்டாள். கோபம் வேறு, கோழி வேறு.

மறுநாள் வெர்னா ஹார்மன் போன் செய்தாள். பேச்சில் எப்போதும் போல் தேன் வழிந்தது.

"லோர்னா கண்ணு, நீ சரிங்கறே. எல்லிஸ் தப்புங்கறான். எனக்கு இந்தச் சண்டைக்கெல்லாம் நேரமில்லடா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவன் ரூமுக்கு வா. மூணு பேரும் உட்கார்ந்து கேட்போம். சரியா வரலேன்னா பத்துப் பாட்டையும் உன் பழைய முதலாளிகிட்டக் குடுத்துடறேன். கோவிச்சுக்காதே, என்ன?"

லோர்னா போனை வைத்தாள். எட்டு வருஷம் அடுத்தவர் பெயரில் வேலை செய்தாயிற்று. சொந்தப் பெயரில் வந்த முதல் பாட்டே திரும்பிப் போனால், இந்த ஊரில் அந்தச் செய்தி நடந்து போகாது, பறக்கும்.

'எல்லாம் அவனால்...' என்று பல்லைக் கடித்தாள். அந்தக் கண்கள் ஞாபகம் வந்தன. இன்னும் பலமாகக் கடித்தாள்.

வியாழன் காலை ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் முகத்தில் கரியைப் பூச ஒரு வழி இருந்தது. ரீப்பரில் செய்த பாட்டையும் ப்ரோ டூல்ஸில் எடுத்த பாட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் போதும். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதுவுமே கேட்காது. அந்த மௌனத்தை நாளைக்கு அவன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டுகிறேன் பார்!

ஓட்டினாள். இடது கிட்டார்... இல்லை. வலது கிட்டார்... இல்லை. வயலின், பியானோ எல்லாம் கரைந்து போயிருந்தன. லோர்னா நாற்காலியில் சாய்ந்தாள். 'எப்படி!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வாயைத் திறந்தாள்...

ஓபல் பாடினாள்.

மெல்லிய குரல்தான். அடியில் ட்ரம்மும் பேஸும் தூரத்தில் கேட்டன. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. எதுவும் கேட்கக் கூடாத இடத்தில் அந்தப் பெண் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டுக்கும் நடுவே என்ன வித்தியாசமோ, அது மட்டும்தான் இதில் மிஞ்சும். மிஞ்சியது ஓபலின் குரல்.

லோர்னா இரண்டு மென்பொருளின் அமைப்புகளையும் திறந்து பார்த்தாள். இருந்தது... யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில். நடுவில் வைத்த சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் வருவதால் பெரிதாகிவிடும் என்று, ப்ரோ டூல்ஸ் தானாகவே அதை மூன்று டெசிபல் தணித்து வைத்திருந்தது. ரீப்பர் தணிக்காமல் விட்டிருந்தது. இரண்டுமே நியாயமான வழிதான். ஃபேடரில் ஒரே எண்தான். ஆனால் நடுவில் நின்ற குரலும், கூடவே ட்ரம்மும் பேஸும் பின்வாங்கிப் போய்விட்டன. எட்டு வருஷம் ஒன்றிலேயே கிடந்தவளுக்கு இதைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

'நடுவுல வெச்ச ட்ராக் எல்லாம்...' என்றுதானே அன்று அவன் ஆரம்பித்தான். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேனே... கடவுளே!

தவறைத் திருத்த ஐந்து நிமிடம் ஆனது. முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டாள். காதால்தான். அழுகை வந்தது. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அவன் சொன்னதும் அவ்வளவு சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லிஸின் அறை. வெர்னா பெரிய கைப்பையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லிஸ் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். லோர்னாவைப் பார்த்ததும் ஏதோ குமிழைத் துடைக்க ஆரம்பித்தான்.

'பேசேன்... ஒரு வார்த்தை...' என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சரி, ஆரம்பிக்கலாமா பிள்ளைங்களா?" என்றாள் வெர்னா.

லோர்னா வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வெர்னா அக்கா, ஒரு நிமிஷம். இதுல லோர்னா மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் ஃபைலைத் தப்பா ஏத்திட்டேன். அவங்க அனுப்பினது சரியாத்தான் இருந்தது. நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

வெர்னா புருவத்தை உயர்த்தினாள். லோர்னா சும்மா இருந்திருந்தால் போதும்... பத்துப் பாட்டும் மடியில் வந்து விழுந்திருக்கும். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"பொய்" என்றாள் லோர்னா.

"லோர்னா, வேண்டாம்..."

"நீங்க சும்மா இருங்க. வெர்னா அக்கா, தப்பு என்னோடது. நம்பரை ப்ரோ டூல்ஸுக்கு மாத்தி எழுதிட்டுக் கேட்காம அனுப்பினேன். குரல் உண்மையாவே மூழ்கித்தான் கிடந்தது. இவர் முதல் தடவையே கண்டுபிடிச்சுட்டார். நான் இவரைச் செவிடன்னு திட்டி மழையில துரத்தினேன். இதுல சரியானது இருக்கு. பத்துப் பாட்டு வேற யாருக்குப் போனாலும் பரவாயில்ல, ஓபலோட இந்தப் பாட்டு மட்டும் சரியா வெளியே வரட்டும்."

பென் டிரைவை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

பாட்டு ஓடியது. மூன்றரை நிமிடம் ஓபலின் குரல் முன்னால் வந்து நின்று பாடியது. முடிந்ததும் வெர்னா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்டா. மைக் சரியில்ல, கம்ப்யூட்டர் சரியில்ல, ஸ்பீக்கர் சரியில்லன்னு ஆயிரம் பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். நான் கேட்காம விட்டுட்டேன்னு சொன்ன ஒரே ஆளு நீதான் கண்ணு. திங்கட்கிழமை மீதிப் பத்தும் வந்து சேரும்."

போகிற போக்கில் எல்லிஸின் கன்னத்தைத் தட்டினாள். "உனக்குப் பொய் சொல்லவே வரலடா. காது ரெண்டும் சிவந்து போச்சு பாரு."

கதவு சாத்திக்கொண்டது. இப்போது அவர்கள் இருவர் மட்டும்தான்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"என் பேருக்கு ஒரு தப்பு தாங்கும். நீங்க இப்பத்தானே கடை திறந்திருக்கீங்க..."

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்க காதை நம்பித்தான் நான் அடுத்த பத்தையும் அனுப்பணும்."

"சரி." கொஞ்சம் தயங்கினான். "அப்ப ஒரு நிஜத்தைச் சொல்லட்டுமா? ஒரு பாட்டை மூணு தடவை கேட்டா எனக்குப் போதும். உங்க பாட்டை முப்பது தடவை கேட்டேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஓபல் ஒரு மூச்சு இழுக்கறா... அழுகையை அடக்கற மாதிரி. வேற யாரா இருந்தாலும் அதை வெட்டி எறிஞ்சிருப்பாங்க. நீங்க விட்டு வெச்சிருந்தீங்க. குரல் மூழ்கியிருந்தும் அது என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. இதை விட்டு வெச்ச ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு தவிச்சுப் போயிட்டேன். கோவம் வந்தா போனாவது பண்ணுவாங்கன்னுதான் அப்படி எழுதினேன்... அலமாரிக்குள்ள உங்களைப் பார்த்தப்புறம், என்னால வேற எந்தப் பாட்டையும் ஒழுங்காக் கேட்க முடியல லோர்னா."

லோர்னாவின் கண்கள் தாழ்ந்தன. கன்னம் சூடாவது அவளுக்கே தெரிந்தது. ஊசி விழுந்தாலும் கேட்கும்படி கட்டிய அறை அது. அதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டால்... அவனுக்குக் கேட்காமலா இருக்கும்?

"அந்த மூச்சை நான் ஏன் வெட்டலைன்னு தெரியுமா?" என்றாள்.

"ஏன்?"

"அடுத்த வரியிலதான் அவ மனசுல இருக்கிறதைச் சொல்றா. அதுக்கு முன்னாடி அவளுக்கு அந்த மூச்சு தேவைப்பட்டது."

"ம்..."

லோர்னா நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். ஒரு மூச்சை இழுத்தாள். அது அந்த அறை முழுக்கக் கேட்டது.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, எல்லிஸ்."