எக்ஸ்ரே அறையில் ஒரு ஈரக் கோட்டு

“யாரைக் கேட்டு இந்தக் கோட்டை இங்க மாட்டினீங்க?” என்றாள் ஆய்வாளர் வினிஃப்ரெட்.

எக்ஸ்ரே காமிராவுக்குப் பக்கத்து ஆணியில் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த கண்ணாடிக் குழாயை மாற்ற வந்த கண்ணாடிப் பட்டறைக்காரன் நெட் திரும்பினான். லீட்ஸ் நகரத்து மழையெல்லாம் அந்தச் சாம்பல் கண்களில்தான் தங்கியிருந்ததோ...

“மழையைத்தான் கேட்கணும், மிஸ்.”

“காமிராவுக்குள்ளே முடியைவிட மெல்லிசா டி.என்.ஏ. நூல் இருக்கு. ஈரம் பட்டா நீண்டுடும். மூணு நாள் வேலை போச்சு.”

“என்னை மாதிரிதான்... டீ உள்ளே போனாத்தான் நிமிரும்போல.”

வினிஃப்ரெட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

படத்தைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வழக்கமாகச் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் இல்லை. நடுவில் தெளிவான ஒரு பெருக்கல் குறி... அவள் தேடிய படம், அவன் கோட்டின் ஈரத்தில்.

“தண்ணி அப்படி என்ன செய்யுது?” என்றான்.

“சுத்தி நிக்குது. நூலோட முறுக்குப் பள்ளத்துல வரிசையா உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குது. எடுத்துட்டா, சாஞ்சு குட்டையாயிடும். தண்ணி இல்லாம அது அதுவே இல்ல...”

சொல்லும்போது அவள் நூலைப் பார்க்கவில்லை.

அதன்பின் மூன்று மாதம், உடையாத குழாய்களையும் அவன் மாற்ற வந்தான்.

ஒரு ஞாயிறு மதியம், கஞ்சி போட்ட காலரோடு அவள் வீட்டு வாசலில் நின்றான். பெண் கேட்கத்தான். விருந்து மேசையைச் சுற்றி அப்பாவோடு பாதிரியாரும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தலைமுறையாகத் தலைமையாசிரியர்கள் வாழ்ந்த வீடு.

“யாரும்மா இவர்?” என்றார் அப்பா.

எல்லார் கண்ணும் அவன் விரல்களின் தீத்தழும்பில்...

“பட்டறைல கண்ணாடிக் குழாய் ஊதறவர்ப்பா. ஏதோ லேப் சாவி கேட்டு வந்திருப்பார்” என்றாள் வினிஃப்ரெட்.

நெட் தொப்பியைக் கையில் எடுத்தான். “ஆமாங்க ஐயா. சாவிக்குத்தான். வீடு மாறி வந்துட்டேன்.”

விருந்தாளிகள் போன பிறகு அப்பா நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கு வந்தான்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். நீ எதிர்த்து நின்னிருந்தா ஒத்துக்கிட்டும் இருப்பேன். ஆனா இந்த மேசையில இதுவரை யாரும் பொய் சொன்னதில்ல, வினி. நம்ம பேரைக் கெடுத்தது அவன் இல்ல.”

மறுநாள் பட்டறைக்கு ஓடினாள். அவனுக்குத் தூரத்து கிளாஸ்கோ நகரத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். அவன் கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அப்பாவுக்குப் பயந்து இல்ல, நெட்... எனக்கே வெட்கமா இருந்துச்சு. ஆனா உன்னைத்தான் விரும்புறேன். காஞ்ச நூல்கூட ஈரம் பட்டா பழையபடி நீளுது... இல்லையா?”

“அது நூல், வினி.”

சுற்றிய துணியை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

“எனக்கும் நீதான். இப்பவும் நீதான். ஆனா நேத்து உன் பக்கத்துலதான நின்னேன்... நீதான உதறினே.”

பட்டறை ஆணியிலிருந்து அவன் அந்த மழைக்கோட்டை எடுத்தபோது அவள் கை அதன்மேல் பட்டது.

காய்ந்திருந்தது.