நல்லா இருக்கேன், தம்பி

"இப்பத்தானே பேசினீங்க, அக்கா?" என்றான் கட்டுப்பாட்டு அறைத் தம்பி.

ரத்த வங்கி அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். இரண்டு மணி அழைப்பை அவள் எடுக்கவே இல்லை. கழுத்தில் மாட்ட வேண்டிய கருவியை மேசைமேல் மறந்துவிட்டுக் கழிவறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து மணியைப் பார்த்ததும் பதறிப்போய், மன்னிப்புக் கேட்கத்தான் அவனைக் கூப்பிட்டாள்.

"நானா பேசினேன்?"

"ஆமாக்கா. நல்லா இருக்கேன் தம்பின்னு சொன்னீங்களே. ரெண்டு மணின்னு எழுதியும் வச்சிட்டேன்."

சரி, பிள்ளை நம்மைக் காப்பாற்றிவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அழைப்பை எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் காவலாளியை அனுப்ப வேண்டும், அப்புறம் அவள் அதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும். அக்காவை அலைய விடுவானேன் என்று அவனே குறித்துக்கொண்டிருப்பான். நினைக்கும்போதே அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

தனியாக வேலை பார்க்கிறவர்கள் கழுத்தில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாகப் புதுச் சட்டம். அரை மணிக்கு ஒரு தடவை அது கத்தும், பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்பார்கள், "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கு மணி கட்டினாற்போல என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஊரோடு சேர்ந்து அவளும் முணுமுணுத்து வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது. அக்கா என்று கூப்பிட ஆஸ்பத்திரியில் நானூறு பேர் உண்டு, கூடப் பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. கணவர் போய் ஆறு வருஷத்தில் "நல்லா இருக்கீங்களா" என்று அவளை வாய் திறந்து கேட்டது இந்தக் கருவி ஒன்றுதான். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

யாரோ அந்த நொடியில்தான் எழுந்து போனதுபோன்ற சூடு. அவள் எழுந்து போய்ப் பத்து நிமிடமாவது இருக்கும். திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில்லாத அந்தக் கீழ்த்தளத்தில் ஸ்பிரிட் வாடையும் தரை கழுவிய மருந்தின் வாடையும் எப்போதும்போல் கலந்து கிடந்தன, குளிர்சாதனப் பெட்டிகள் ஒன்று மாற்றி ஒன்றாக முனகின, தாழ்வாரத்தின் கோடியில் ஒரு குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஆள் யாருமில்லை. வயசாகிவிட்டால் நாற்காலிகூடப் பயமுறுத்தும் போலிருக்கிறது என்று தன்னையே கேலி செய்துகொண்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் அடுத்த ஆள் வருவார். அதற்குள் குளிர் அறையில் ரத்தப் பைகளை எண்ணிவிட வேண்டும். கருவியைக் கழற்றி, மேசைமேல் செல்போன் இருந்த கைப்பை பக்கத்தில் வைத்தாள். அதன் கயிறு அடுக்குகளில் மாட்டிக்கொள்ளும், அதனால் எல்லாருமே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கழற்றலாமா என்று பாதுகாப்புப் பயிற்சியில் ஒரு கேள்வி வரும். கூடாது என்று கம்ப்யூட்டரில் தட்டி நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான் அவளும்.

பன்னிரண்டாவது பையை எண்ணும்போது பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அவள் பதறவில்லை. உள்பக்கத்தில் ஒரு பச்சைக் குமிழ் உண்டு, அழுத்தித் திருப்பினால் கதவு திறந்துகொள்ளும். அழுத்தினாள். திருப்பினாள். குமிழ் பிடிமானமே இல்லாமல் சுற்றியது. இன்னொரு தடவை திருப்பினாள், அது கையோடு கழன்று வந்துவிட்டது.

மாதக் கடைசியில் ஒரு தாள் வரும். உள்பக்கக் குமிழ் வேலை செய்கிறதா? ஆம், இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரு கையில் டீயோடு, பதினோரு மாதமாக 'ஆம்' போட்டுக் கையெழுத்திட்டவள் அவள்தான். வேறு யாரையும் நொந்துகொள்ள முடியாது.

கதவைத் தட்டினாள். கத்தினாள். குளிர் அறைக் காற்றாடியின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மெல்லிய கோட்டுக்குள் குளிர் கழுத்து வழியாக இறங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தாறு. இன்னும் நான்கு நிமிடத்தில் கருவி கத்தும். எடுக்க ஆளிருக்காது. காவலாளி வருவான். சட்டம் என்றால் சட்டம்தானே? அந்தத் தம்பி மட்டும் மறுபடி நல்லவனாக இருந்து தொலைக்கக் கூடாது.

இரண்டு முப்பது. காற்றாடி தானாக நின்றது, கதவுக்கு வெளியே கருவி கத்துவது சன்னமாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. எடுக்காதே, எடுக்காதே என்று யாரிடம் என்று தெரியாமலே கெஞ்சினாள்.

நான்காவது வரவில்லை.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன், தம்பி."

அவள் குரல். அந்த 'தம்பி'யில் கடைசியில் லேசாக இழுக்கும் இழுப்பு உட்பட.

"அது நானில்ல!" என்று கதவில் மோதிக்கொண்டு கத்தினாள். குரல் கம்மிப்போய்ப் பாதிதான் வந்தது. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாக வேண்டியிருந்தது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. வெளியே இருக்கும் வெக்கையில் அதன் வெளிப்புறம் எப்போதும் பனி படிந்து வெளுத்திருக்கும், உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் தெளியாது. தெரிந்தும் துடைத்தாள். கோட்டின் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

வெளியிலிருந்தும் ஒரு கை துடைத்தது.

அவள் நிறுத்தினாள். அது நிறுத்தவில்லை. நிதானமாக, ஒரு மூலை விடாமல் துடைத்து முடித்தது. மணிக்கட்டில் அவள் கையில் இருக்கும் அதே கடிகாரம். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் கருவியை ஒழுங்காக மாட்டியிருந்தது. முகத்தைப் பார்க்கும் முன் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது கண்ணாடியில் யாருமில்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும்.

உட்கார்ந்துவிட்டது.

விரல்கள் மரத்துப்போயின. பற்கள் அடித்துக்கொண்டன. அடுத்த அழைப்புதான் கடைசி. அதை விட்டால் காலை எட்டு மணி. பதினேழு மணி நேரம். அவளுக்கு ஐம்பத்தாறு வயது.

மூன்று மணி.

"அக்கா, கிளம்பியாச்சா?"

"கிளம்பிட்டேன், தம்பி."

"அக்கா... இன்னைக்கு நம்ம பாப்பாவுக்குப் பிறந்தநாள். நாங்க மூணு பேர்தான். நீங்களும் வீட்டுல தனியாத்தானே இருப்பீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

உள்ளே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆறு வருஷமாக ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வர்றேன், தம்பி. பாப்பா இப்ப வீட்டுல தனியாவா இருக்கா?"

"இல்லக்கா, அவங்கம்மா இருக்கா. நான் வர அஞ்சு மணி ஆகும்."

"அப்ப நான் முன்னாடியே போயிடறேன்."

"போங்கக்கா! அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும். விலாசம் சொல்றேன், குறிச்சுக்கோங்க."

சொன்னான். வீட்டு எண். தெரு. மாடி.

கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம். சாவிக்கொத்து. விளக்கு அணைந்தது. முதலில் வெளியே. பிறகு உள்ளே.

இருட்டு.

போகாதே. அவனிடம் சொல்லியாக வேண்டும். கதவைத் திறக்காதீங்க, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க. அவள் வாயை முழுக்கத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினாள். காற்று.

அவள் குரல் வெளியே இருந்தது. பூட்டைத் திருகியது. தாழ்வாரத்தில் நடந்தது. அவள் எத்தனையோ வருஷமாகச் சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு என்ன தம்பி பிடிக்கும்?" என்று கேட்டபடியே படியேறிப் போய்க்கொண்டிருந்தது.