இரும்பில்லாத வண்டி

காந்தவாசலைக் கடக்கும் பெண்கள் முதலில் கொண்டையைத் தடவிப் பார்ப்பார்கள், பிறகு முந்தானையை. ஒரு சேஃப்டி பின் மறந்து போயிருந்தாலும் வாசல் கூவிவிடும். வரிசை மொத்தமும் நின்றுவிடும். தினமும் மீன் விற்கப் போகும் பவுலினுக்கு இது பல் துலக்குவது மாதிரி. மூங்கில் குச்சி செருகிய கொண்டை, மரப்பொத்தான் ரவிக்கை, பனைநார்க் கூடை. வாசல் காவலர் கோமதிநாயகம் தலையசைப்பார், அவள் போய்விடுவாள்.

இன்றைக்கு அவளிடம் கூடை இல்லை. ஊரில் பாதிப் பேர் கயிறு பிடித்து இழுக்க, ஒரு முழு வள்ளத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் புயல் கரை தொடும் என்று சொல்லியிருந்தார்கள்.

கடலில் இரும்புண்ணி பெருகிப் பல வருடமாகிவிட்டது. அந்த நுண்ணுயிர் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆணியைத் தின்னும், நங்கூரத்தைத் தின்னும், கரையில் நிறுத்திய லாரியைச் செந்தூளாக்கிவிடும். கரையில் கிடந்த ஒரு இரும்புத் துண்டு உள்நாட்டுக்குப் போனால் இரும்புண்ணியும் அதில் ஒட்டிக்கொண்டு போகும். அப்புறம் பாலமும் தண்டவாளமும் மிஞ்சாது. அதனால்தான் காந்தவாசல். ஜனம் போகலாம், மீன் போகலாம். இரும்பு வரவும் கூடாது, போகவும் கூடாது.

இந்தச் சட்டம் போட்டவர்கள் படகுகளை மறந்துவிட்டார்கள். ஃபைபர் வள்ளத்துக்குத் தடையில்லை. அதைச் சுமக்கிற வண்டிக்குத்தான் தடை. அச்சு இரும்பு, பேரிங் இரும்பு, ஸ்பிரிங் இரும்பு. ஆகவே புயல் வந்தால் பெரியதுறை ஜனங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்மணல் மேடான தேரிக்கு ஓடுவார்கள். வள்ளங்கள் கரையிலேயே நொறுங்கும். போன புயலில் பவுலின் வீட்டு வள்ளம் துண்டு துண்டானது. அண்ணன் இன்னாசி தன் கையால் ஃபைபர் பூசிப் புதிது செய்து முடித்த அன்றே, இதையும் கடலுக்குக் கொடுக்க முடியாது என்று அவள் டிரைலர் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

இன்னாசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, இட்லிச் சட்டிய அடிச்சா வண்டி செய்யப் போற?"

"சட்டி பத்தாதுண்ணே. ஒன் மண்டையும் வேணும். உள்ள ஒண்ணுமில்லல்லா, லேசா இருக்கும்."

கைவிடப்பட்ட கப்பலின் அலுமினிய நடைபாலத்தை அறுத்துச் சட்டகம் செய்தாள். உடைந்த பாய்மரப் படகின் தண்டு அச்சானது. பேரிங்குக்குப் பதிலாக, சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, வளையமாகக் கடைந்து செருகினாள். டயர் ஆகாது, அதன் விளிம்புக்குள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது. துறைமுகத்தில் கப்பல் மோதாமல் இருக்கத் தொங்கவிடும் காற்றுருளைகளைச் சக்கரமாக்கினாள். அவை மணலில் புதையவில்லை, ஸ்பிரிங் வேலையையும் சேர்த்தே செய்தன. வெல்டிங் மெஷின் வாசலைத் தாண்டி வராது என்பதால் எல்லாமே அலுமினிய ரிவிட். முதல் தடவை மணல்மூட்டை ஏற்றி இழுத்தபோது இழுகம்பம் மடங்கி, முகம் குப்புற விழுந்தாள். எழுந்து, மூட்டுகளில் முக்கோணத் தகடு வைத்து மறுபடி அடித்தாள். சக்கரத் தட்டில் அச்சு நுழையத் துளையிட்டபோது விழுந்த வட்ட அலுமினியத் தகட்டைத் தேய்த்து மினுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வண்டி முழுவதும், கடைசி மூட்டு வரை, அவளுக்கு மனப்பாடம்.

வண்டி வாசலுக்குள் நுழைந்ததும், வாசல் கூவியது.

கயிறு பிடித்தவர்கள் கையை விட்டார்கள். இன்னாசி, தான் அப்பவே சொன்னதாக எல்லோருக்கும் கேட்கும்படி முனகினான். கோமதிநாயகம் வருத்தத்தோடு வந்து நின்றார். "தாயி, நாந் திறந்து விட்டா நாளைக்குப் பாலம் விழும். திருப்பிரு."

பவுலின் வண்டியைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு ரிவிட்டாக மனசுக்குள் தொட்டுப் பார்த்தாள். எதிலும் இரும்பில்லை. நிச்சயம் இல்லை.

"வள்ளத்த எறக்குங்க," என்றாள். "வண்டிய மட்டும் தள்ளிப் பாப்போம்."

இறக்கினார்கள். வெறும் வண்டியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். சத்தமில்லை. திரும்பி வந்தாள். அப்போதும் இல்லை. ஊர் மொத்தமும் வள்ளத்தைப் பார்த்தது. இன்னாசி மட்டும் வேறெங்கோ பார்த்தான்.

காவலரின் கைக்காந்தத்தை நூலில் கட்டி வள்ளத்தின் ஓரமாகவே நடத்திக்கொண்டு போனாள். அணியத்தில், படகின் கூர்மூக்கில், அது டக்கென்று ஒட்டியது.

"அண்ணே."

"காசுதாண்ட்டி. ஒத்த ரூவா." அவன் தலை நிமிரவில்லை. "அணியத்துல காசு வைக்காம எவனாது வள்ளம் எறக்குவானா? ஃபைபருக்குள்ளதான கெடக்கு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு..."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஊரே சிரித்தது. பீங்கான் ரம்பத்தால் இன்னாசியே அணியத்தைக் கிழித்துக் காசை எடுத்தான்; கோமதிநாயகம் அதை அமிலப் புட்டிக்குள் போட்டார். வள்ளம் மறுபடி வண்டியில் ஏறியது. வாசலைக் கடந்தபோது யாரும் மூச்சுவிடவில்லை. வாசலும் விடவில்லை.

தேரியில் இறக்கிவிட்டு வண்டி உடனே கரைக்குத் திரும்பியது. அதற்குள் மற்றவர்களும் தங்கள் அணியங்களிலிருந்து காசை எடுத்துவிட்டிருந்தார்கள். அடுத்த வள்ளம் யாருடையது என்று கோமதிநாயகமே கீழ்நோக்கிக் குரல் கொடுக்கத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் கரை காலியாகிவிட்டது. செம்மணல் மேட்டில் பெரியதுறையின் அத்தனை வள்ளங்களும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. கிழித்த அணியத்தில் பசை நிரப்பிக்கொண்டிருந்த இன்னாசி, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"காசு கொடு."

"எந்தக் காசு?"

"கழுத்துல கெடக்குல்லா, அது."

அவள் வட்டத் தகட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை உள்ளே வைத்து மூடினான்.

கீழே அலை எழும்பி வந்து கரை முழுக்கத் தேடியது. நொறுக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.