நாலுகால் வண்டிக்குப் பூசை

நாயகியின் முழுப்பெயர் பெரியநாயகி. அவ்வளவு பெரிய பெயரை இந்த ஒல்லிக்குச்சி உடம்பு எப்படித்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறதோ என்று ஊரில் கேலி செய்வார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். படிப்பைத் தவிர அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாதாரண வேலை இல்லை. டிராக்டரில் கை காட்டும் வேலை!

அவள் அப்பா காசிநாதன் டிராக்டர் டிரைவர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவார். டிராக்டர் அவருடையது இல்லை, சுப்புராயன் என்பவருடையது. ஆனாலும் யாரும் அதைச் சுப்புராயன் வண்டி என்று சொன்னதே கிடையாது. ஊருக்கு அது 'காசிநாதன் வண்டி'தான்.

லீவு நாளில் நாயகி இடது பக்க மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். தெருமுனையில் வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். "நாயகி, கை காட்டு!" என்பார் அப்பா. அவள் இடது கையை விறைப்பாக நீட்டுவாள். பின்னால் வருகிற சைக்கிள் நிற்கும், மாட்டுவண்டி நிற்கும், டவுன் பஸ்கூட நிற்கும். பஸ்ஸையே நிறுத்துகிற கை என்றால் சும்மாவா?

இதெல்லாம் போன சித்திரை வரைக்கும்தான்.

சித்திரையில் ஒரு நாள் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அப்போது காசிநாதனின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மற்ற டிரைவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பக்கவாதம் என்றார் டாக்டர். மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டுவிட்டதாம். அதனால் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காதாம்.

நல்லவேளை, அப்பா வீடு திரும்பினார். ஆனால் வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பின. பேச்சு குழறியது. "இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடந்து பழகுவதற்கு, அடியில் நாலு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள்.

அந்த ஊன்றுகோலை அப்பா தொடக்கூட இல்லை.

"எனக்கு இன்னா வயசாயிடுச்சா? கெழவன் மாதிரி குச்சி புடிச்சிக்கினு தெருவுல போவணுமா?" என்று அதைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார். வாசலைத் தாண்டுவதே இல்லை. ஊன்றுகோலுக்கும் ஓர் ஆள் கிடைத்தது. வீட்டுச் செவலைக் கோழி தினமும் அதன் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தது.

முதலாளி சுப்புராயன் நல்ல மனிதர். ஒருநாள் வந்து, "காசி, வயல்ல கரும்பு ஏத்தறப்ப பாரம் சரியா ஏறுதான்னு பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?" என்று கேட்டார்.

"நான் டிரைவருங்க" என்றார் அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

சின்னதுரை என்ற பையனைப் புது டிரைவராக வைத்தார்கள். அவனுக்கு வேறு சாவி கொடுத்தார்கள். பழைய சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

அங்கேதான் வந்தது வம்பு.

ஆயுத பூசை நெருங்கியது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து வண்டியை அதன் மேல் ஏற்றுவார். பழம் நசுங்கினால் வண்டிக்கு ஒரு குறையும் வராது என்பது நம்பிக்கை. 

"இந்த வருசமும் நான்தான் வண்டிய எடுப்பேன். ஒரு தபா பழத்து மேல ஏத்திட்டு எறங்கிடறேன். எவனும் குறுக்க வரக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

சுப்புராயன் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாம் காசி" என்றார். சின்னதுரை தரையைப் பார்த்தான். அம்மா கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

"நீ சொன்னா உங்கப்பா கேப்பாருடி" என்றாள் அம்மா நாயகியிடம். "எதுனா ஆயிடுச்சின்னா இன்னா பண்றது?"

நல்ல கதை! பெரியவர்களுக்கே வராத பேச்சு பத்து வயசுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

பூசைக்கு முதல் நாள் மத்தியானம் நாயகி கொல்லைப்பக்கம் போனாள். அங்கே அப்பா கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வலது காலுக்கு முன்னால் ஒரு செங்கல் சாய்ந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மிதித்தார். கால் வழுக்கிப் பக்கத்தில் விழுந்தது. கையால் காலைத் தூக்கித் திரும்பவும் செங்கல் மேல் வைத்தார். திரும்பவும் வழுக்கியது.

நாயகிக்குப் புரிந்துவிட்டது. டிராக்டரில் பிரேக் வலது காலுக்குத்தான்.

"அப்பா..."

காசிநாதன் திடுக்கிட்டுப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லல. ஆனா ஒன்னு கேக்கட்டா? நாளைக்குப் பொரி குடுப்பாங்க இல்ல? பசங்கல்லாம் வண்டிக்கு முன்னாடிதான் நிப்பாங்க. நான் மேல இருந்து வருசா வருசம் பாத்துக்கினுதானே இருக்கேன்? எவ்ளோ கத்துனாலும் ஓரமா போவ மாட்டாங்கப்பா."

அப்பா செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "போ, போயி வெளையாடு" என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாயகிக்கும் சோறு இறங்கவில்லை. சொன்னது சரிதான். ஆனால் அப்பா முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் பூசைக்கு எடுத்து வைத்தாள். கரும்பு வெட்டப் போகும் அவளுடைய கத்தி. களைக்கொட்டு. நாயகியின் பாடப்புத்தகங்கள். கணக்குப் புத்தகத்தை நாயகியே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பூசையில் இருக்கும் புத்தகத்தை அன்றைக்குத் தொடக் கூடாது இல்லையா, அதனால்!

"அப்பாவோடது எங்கம்மா?" என்றாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றது.

நாயகி எழுந்து கொல்லைக்குப் போனாள். செவலைக் கோழி வழக்கம்போல் ஊன்றுகோலின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எறங்கு. வண்டி வேணும்" என்றாள் நாயகி. கோழி முறைத்துவிட்டு இறங்கியது.

ஊன்றுகோலைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். கோழி செய்து வைத்திருந்த அசிங்கம் கொஞ்சமா நஞ்சமா? துடைத்துக் காயவைத்தாள். பரணில் ஒரு டப்பாவில் அப்பா பத்திரமாக வைத்திருந்த குஞ்சத்தை எடுத்தாள். டிராக்டரின் கண்ணாடியில் தொங்கிய சிவப்பு மஞ்சள் குஞ்சம் அது. அதைக் கைப்பிடியில் கட்டினாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கத்திக்கும் களைக்கொட்டுக்கும் நடுவில் ஊன்றுகோலை நிறுத்தினாள்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பார்த்தார்.

"இன்னா இது?"

"வண்டிப்பா" என்றாள் நாயகி. "உன் வண்டி. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. கணக்கு சரியா கீதா?"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா ஓடிவந்து நாயகியின் கையைப் பிடித்து, "இன்னாடி பண்ண!" என்று கிசுகிசுத்தாள். ஐயோ, அப்பாவைக் கேலி செய்ததாக நினைத்துவிட்டாரோ? நாயகிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 

கொஞ்ச நேரம் கழித்து அப்பா திரும்பினார். கண்ணெல்லாம் ஈரம்.

"பொட்டு தப்பு" என்றார்.

"ஆங்?"

"ஒரே ஒரு பொட்டு வெச்சிகீற. நாலு சக்கரத்துக்கும் வெக்கணும். முன்சக்கரத்துல இருந்து ஆரம்பி. இத்தினி வருசம் கூடவே இருந்து இன்னா பாத்த நீ?"

நாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு கால்களுக்கும் பொட்டு வைத்தாள். அம்மா கற்பூரம் காட்டினாள்.

"எலுமிச்சம்பழம்?" என்றார் அப்பா.

நாயகி ஒரு பழத்தைத் தரையில் வைத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே இடது கையால் ஊன்றுகோலைத் தூக்கி அதன் மேல் குத்தினார். பழம் விருட்டென்று தெறித்து ஓடியது. செவலைக் கோழி அதைத் துரத்திக்கொண்டு பானைக்குப் பின்னால் போய் முட்டிக்கொண்டது.

அப்பா சிரித்துவிட்டார். கோணல் வாயோடு சத்தமாக, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

நாயகி யோசித்தாள். இன்னொரு பழத்தை அரிவாள்மணையில் இரண்டாக அரிந்தாள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். இனி எங்கே உருளும்? அப்பா ஊன்றினார். பழம் சளக்கென்று நசுங்கி, வீடே மணத்தது.

"வண்டிக்குப் பூசை போட்டாச்சு" என்றார் அப்பா. "வெளிய எடுக்கணும் இல்ல?"

ஊன்றுகோலை நன்றாக ஊன்றிக்கொண்டு எழுந்தார். அம்மா பின்னால் கையை நீட்டியபடி வந்தாள். வாசலைத் தாண்டினார். தெருவில் இறங்கினார்.

எதிர்வீட்டுக் கண்ணாயிரம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு பார்த்தார். "இன்னா காசி, புது வண்டியா?"

நாயகி சட்டென்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றார் அப்பா. "டீசல் செலவு கெடையாது!"

சுப்புராயன் வீட்டு வாசலில் டிராக்டர் மாலையும் கழுத்துமாக நின்றது. நாலு சக்கரத்துக்கும் அடியில் பழம் இருந்தது. பொரிக்காகப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். எங்கே? சரியாக வண்டிக்கு முன்னால்தான்.

காசிநாதனைப் பார்த்ததும் பெரியவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் நேராகச் சின்னதுரையிடம் போனார். ஊன்றுகோலை நாயகியிடம் கொடுத்துவிட்டு, டிராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரே கையால் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க ஆரம்பித்தார். லேசில் வரவில்லை. நாயகி உதவப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினார். முடிச்சு அவிழும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இந்தா. ஏறு" என்று சாவியை நீட்டினார்.

"அண்ணே, நீங்க..." என்று இழுத்தான் சின்னதுரை.

"நான் ஏறினா அது பிரேக் இல்லாத வண்டிடா. நீ ஏறு."

சின்னதுரை சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான்.

அப்பா ஊன்றுகோலை வாங்கித் தரையில் ஓங்கித் தட்டினார். "பசங்களா! ஓரம்!" குரல் குழறினாலும் அதட்டல் குழறவில்லை. பிள்ளைகள் சடசடவென்று ஒதுங்கினார்கள். அப்பா முன்னாலும் பின்னாலும் ஒரு தடவை பார்த்தார். "ம், எடு!" என்றார். டிராக்டர் மெல்ல நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின.

அப்பா அந்த ஈரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுப்புராயனிடம் திரும்பினார்.

"கரும்பு ஏத்தறத பாத்துக்க ஆள் வேணும்னீங்களே. அந்த வேல இன்னும் கீதுங்களா?"

"உனக்குன்னுதான் யாரையும் வெக்காம கீறேன்" என்றார் சுப்புராயன். "ஆல தொறக்கறதுக்குள்ள நல்லா நடந்து பழகிக்கோ."

பூசை முடிந்தால் டிராக்டர் பிள்ளையார் கோயிலைச் சுற்றி வருவது வழக்கம். "நாயகி, ஓடியா! உன் எடம் காலியாதான் கீது!" என்று மட்கார்டைத் தட்டினான் சின்னதுரை. மற்ற பிள்ளைகள் பொறாமையோடு பார்த்தார்கள்.

நாயகி மட்கார்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"நான் எங்கப்பா வண்டியில வரேண்ணா" என்றாள்.

அப்பாவும் பெண்ணும் முன்னால் நடந்தார்கள். ஊன்றுகோல் ஒரு அடி, கால் ஒரு அடி. அம்மா பொரிப் பையோடு ஒட்டினாற்போல் வந்தாள். டிராக்டர் பின்னால் ஊர்ந்து வந்தது. சின்னதுரை ஹார்ன் அடிக்கவே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள், அதற்கும் பின்னால் கள்ளக்குறிச்சி டவுன் பஸ்.

தெருமுனை வந்தது. அப்பாவின் இடது கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்றார்.

"நாயகி, கை காட்டு!"

நாயகி இடது கையை விறைப்பாக நீட்டினாள். டிராக்டர் நின்றது. சைக்கிள் நின்றது. பஸ்ஸும் நின்றது.

காசிநாதன் நிதானமாக வண்டியை இடது பக்கம் திருப்பினார்.