பணயமாக வந்தவள்

மிலித்சாவை ஏற்றிவந்த பனிச்சறுக்கு வண்டி லாசர் பிரபுவின் கோட்டை வாசலில் நின்றபோது மதியம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வெளிச்சம் அந்தியைப் போல மங்கிக் கிடந்தது. காலையிலிருந்து பெய்த பனி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. காற்றில் ஏதோ கசப்பான தழையைக் கொளுத்திய புகை வாடை.

"யாரும்மா நீ? எந்தப் பிரபுவோட ஆளு?" வாசல்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"எந்தப் பிரபுவோட ஆளும் இல்ல. தையல்காரி. வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாங்க."

"தையல்காரியா! நல்ல நேரத்துல வந்த. வந்ததுதான் வந்த, கிழிஞ்சு கெடக்குற இந்த ராஜ்யத்தையும் ஒரு கை பாத்துட்டுப் போ, தாயி."

மிலித்சா சிரித்தாள். வர்தேனா ராஜ்யத்தில் அந்தக் குளிர்காலத்தில் சிரிக்க மிச்சமிருந்தது அந்த மாதிரிப் பேச்சுதான். ராஜா இருந்தார், அவர் சொல் அரண்மனைச் சுவரைத் தாண்டவில்லை. பிரபுக்கள் ஒருவர் வயலை ஒருவர் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் புல்வெளிக் குதிரைக்காரர்கள் கூடாரம் போட்டு, ஆறு உறைவதற்காகக் காத்திருந்தார்கள். உறைந்துவிட்டால் பாலம் எதற்கு, படகு எதற்கு? நேரே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கோட்டை முற்றத்தில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தாள். பனியில் பதிந்த காலடித் தடங்கள் எல்லாம் தெற்குச் சுவரை ஒட்டியே போயின. வடக்குக் கோபுரத்தைச் சுற்றிலும் பனி அப்படியே படர்ந்து கிடந்தது. ஒரே ஒரு ஆள் போய்வந்த தடம் மட்டும் கோபுரக் கதவுவரை நீண்டு திரும்பியிருந்தது. விறகு சுமந்து போனவர்கள், குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்கள், ஒருவர்கூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

சமையற்கட்டில் தெசாங்கா அவளை வரவேற்றாள். கோட்டையின் சாவிக்கொத்து முழுவதும் அவள் இடுப்பில்தான் தொங்கியது. சூடான முட்டைக்கோஸ் சூப்பும் கறுப்பு ரொட்டியும் வைத்துவிட்டு, ஒரு கம்பளி அங்கியை எடுத்து மேசைமேல் போட்டாள்.

சிறுமி போடும் அங்கி. தோள்பட்டைத் தையல் இரண்டு பக்கமும் தெறித்திருந்தது. முழங்கையும் விட்டுப்போயிருந்தது. தொட்டபோது துணி ஈரமாக இருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததைப் போல.

"ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான்" என்றாள் தெசாங்கா. "கிழிச்சுக் கதவோரமாப் போட்டுடும், கோபுரத்துல இருக்குற புள்ள. இதைவிட நாலு விரக்கடை பெருசாத் தைச்சுக் கொடு."

"அது எப்படிக்கா? வளர்ற புள்ள எல்லா வருஷமும் ஒரே மாதிரியா வளரும்? ஒருதடவை பாத்து அளவெடுத்துக்கிறேனே."

"வேண்டாம்."

அப்போது ஒரு வேலைக்காரி கோபுரத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதே அடுப்பில் சுட்ட ரொட்டி. மிலித்சா உள்ளே நுழையும்போதுதான் ஆவி பறக்க மேலே போயிருந்தது. இப்போது தட்டில் கிடந்த ரொட்டியில் ஒரு கடிகூட இல்லை. ஆனால் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து, வருஷக்கணக்காக ஈரச் சுவரோரம் கிடந்ததைப் போல உதிர்ந்துகொண்டிருந்தது.

தெசாங்கா அதை இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டாள்.

மிலித்சாவுக்குக் கையிலிருந்த ரொட்டி இறங்கவில்லை.

சற்று நேரத்தில் லாசர் பிரபுவே சமையற்கட்டுக்கு வந்துவிட்டார். பிரபுக்கள் வருகிற இடமா அது? பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பல நாள் தூங்காத கண்கள் அவருக்கு.

"நாளைக்கழிச்சு ஓப்ராத் வர்றான்" என்றார். "அவன் மக தூன்யா இங்க பணயமா இருக்கா. எங்க ரெண்டு வம்சத்துக்கும் சமாதானம் ஆனப்ப, அஞ்சு வயசுல கொண்டுவந்து விட்டுட்டுப் போனான். இப்ப மகளைக் கண்ணால பாத்தாத்தான் தன் குதிரைப்படைய ஆத்துக்கு அனுப்புவேங்கிறான். உன் புருஷன் எங்க?"

"ஆத்துத் துறையில, பிரபு. உங்க வில்லாளிங்களோட. ராதோவன்னு பேரு."

"அப்ப உனக்கு வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஓப்ராத் வரலேன்னா அந்தத் துறையில ஒருத்தன் மிஞ்ச மாட்டான். அங்கி பொருத்தமா இருக்கணும். மேல போய் அளவெடு."

"பிரபு, ஏழை வீட்டுப் பொண்ணு, விட்டுடுங்க" என்றாள் தெசாங்கா.

"அப்பன் கண்ணு அளவைக் கண்டுபிடிக்கும், தெசாங்கா. அனுப்பு."

கோபுரப் படிகள் ஏற ஏறக் குளிர் கூடியது. வழியில் மூன்று கதவுகள். மூன்றுக்கும் வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். தெசாங்கா ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, கடைசிக் கதவருகே நின்றுகொண்டாள். அவள் உதடுகள் ஏதோ ஜபத்தை முணுமுணுத்தன.

"முகத்தைப் பாக்காத" என்று மட்டும் சொன்னாள்.

அறையில் நெருப்பு இல்லை. ஜன்னலோரம் ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நீண்ட கூந்தல், நேரான முதுகு. ஈர மண்ணின் வாசனை.

"தோளை மட்டும் அளந்துக்கிறேன், கண்ணு" என்றாள் மிலித்சா. தன் குரல் தனக்கே அந்நியமாக ஒலித்தது.

அளவு கயிற்றைத் தோளில் வைத்தாள். துணிக்கு அடியில் எலும்பு தட்டுப்படவில்லை, சதையும் இல்லை. அழுத்திப் பிடித்த பனியைப் போல இறுகலாக ஏதோ ஒன்று. கயிறு நனைந்து கனத்தது.

"நீ யாரு?" என்று கேட்டது குரல். சின்னக் குரல்தான்.

"தையல்காரி. உங்க அப்பா வர்றாராம். உனக்குப் புது அங்கி தைக்கிறேன்."

"அப்பா. அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவாரு?"

மிலித்சாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பயத்தையும் மீறிய இரக்கம். ஐந்து வயதில் பிரிந்த குழந்தை, சொந்தப் பெயரே மறந்துபோகிற அளவுக்குத் தனிமை.

"தூன்யான்னுதான், கண்ணு. தூன்யா."

"தூன்யா" என்றது அது. பிறகு இன்னொருமுறை, மெதுவாக, புதுப் பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதைப் போல. "தூன்... யா."

தலை திரும்பத் தொடங்கியது.

மிலித்சா ஓடினாள்.

கீழே வந்து அடுப்பருகே உட்கார்ந்தபிறகும் பற்கள் கிட்டித்துக்கொண்டன. தெசாங்கா ஒரு கிண்ணத்தில் பிளம் சாராயத்தை ஊற்றிக் குடிக்க வைத்தாள்.

"அந்தப் புள்ள செத்து நாலு வருஷம் ஆச்சு" என்றாள் தாழ்ந்த குரலில். "காய்ச்சல். வைத்தியரைக் கூப்பிட்டா சேதி வெளிய போயிடும், ஓப்ராத் படையெடுத்து வந்துடுவான்னு பிரபு யோசிச்சாரு. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுச்சு. நான்தான் குளிப்பாட்டினேன், மிலித்சா. பாதிரி வரல, மணி அடிக்கல. கோபுரத்துக்கு அடியில குழி தோண்டி மூடிட்டோம். மறுநாள் காலையில மேலேருந்து கதவைத் தட்டிச் சாப்பாடு கேட்டுச்சு."

"அதே குரலா?"

தெசாங்கா அடுப்பைப் பார்த்தாள். "அதே குரல்னுதான் நெனச்சோம். கூப்பிட்டா வெளிய வந்துடுமோன்னு பயந்து, பேர் சொல்லி மட்டும் யாரும் கூப்பிட்டதில்ல."

மிலித்சா அப்போதே மூட்டையைக் கட்டினாள். வாசல்வரை போனாள். வெளியே வண்டியும் நின்றது. ஆனால் மலைச்சரிவுக்குக் கீழே, தூரத்தில், ஆறு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கறுப்பாக ஓடிய நடுநீரும் பாதிக்குமேல் வெளுத்துவிட்டிருந்தது. ராதோவன் அதன் கரையில் எங்கோ விரல்களை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு நிற்பான்.

திரும்பி வந்து கத்தரியை எடுத்தாள். சிவப்புக் கம்பளியில் அங்கியைத் தைத்து முடித்தாள். அதை மடித்துக் கடைசிக் கதவின் அருகே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

ஓப்ராத் பிரபு சொன்ன நாளில் காலையிலேயே சில வீரர்களோடு வந்தார். தாடி முழுக்க நரைத்த கிழவர். பழைய சண்டை ஒன்றில் இடது கை முடங்கியிருந்தது. அந்தச் சண்டை லாசரோடு நடந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வணங்கிக்கொண்டார்கள்.

"சத்தியம் நினைப்பிருக்கா?" என்றார் லாசர். "இங்க நின்னு பாக்கலாம். கூப்பிடக் கூடாது."

"நினைப்பிருக்கு."

முற்றத்தில் கோட்டை ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். மிலித்சா தெசாங்காவின் கையைப் பிடித்திருந்தாள். கோபுர ஜன்னலில் சிவப்பாக ஒன்று அசைந்தது. ஒரு சிறுமி. கூந்தல் முகத்தில் விழுந்திருந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள்.

ஓப்ராத் தொப்பியைக் கழற்றினார். கிழவர் தோள்கள் குலுங்கின. அவ்வளவுதான், இனித் திரும்பிவிடுவார் என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

திடீரென்று அவர் தலையை நிமிர்த்திக் கத்தினார்.

"தூன்யா! கண்ணு! எறங்கி வாம்மா, வீட்டுக்குப் போகலாம்!"

லாசரின் கை வாளுக்குப் போனது. ஜன்னல் காலியாக இருந்தது.

மேலே ஒரு தாழ்ப்பாள் விலகியது.

சாவிக்கொத்து தெசாங்காவின் இடுப்பில்தான் இருந்தது. கோபுரத்துக்குள் யாரும் போகவில்லை.

இரண்டாவது தாழ்ப்பாள்.

படிகளில் காலடிச் சத்தம், அவசரமே இல்லாமல். அதோடு ஒரு முணுமுணுப்பும் இறங்கி வந்தது. "தூன்யா. தூன்யா. தூன்யா." பாடம் மறந்துவிடக் கூடாதே என்று ஒப்பிக்கிற மாதிரி. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவள் மிலித்சாதானே!

கீழ்க்கதவு திறந்தது.

வேலைக்காரர்கள் எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மிலித்சாவால் திரும்ப முடியவில்லை. பார்த்தாள். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முகம்தான். ஆனால் சிறுமி எப்படி இருப்பாள் என்று காதால் கேட்டு மட்டும் தெரிந்துகொண்ட ஒருவன் செதுக்கிய முகம் அது. அந்தக் குளிரில் எல்லார் வாயிலும் ஆவி பறந்தது. அதன் வாயில் பறக்கவில்லை.

அது நேராக நடந்துபோய்க் கிழவரின் மார்பில் சாய்ந்தது. அவர் நல்ல கையால் இறுக அணைத்தார்.

அணைத்த கை அப்படியே நின்றது.

அதன் தோளுக்கு மேலாக ஓப்ராத்தின் கண்கள் அகல விரிந்ததை மிலித்சா பார்த்தாள். அவர் மெல்லத் தலையைத் தூக்கி லாசரைப் பார்த்தார். லாசர் வெளுத்துப்போனார். ஓப்ராத்தின் வீரர்கள் எதுவும் புரியாமல் நின்றார்கள். ஒரு சொல் போதும். அந்த முற்றம் இரத்தக் களமாகும், ஆற்றங்கரையில் குதிரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கரையேறுவார்கள்.

கிழவர் தன் மேலாடையைக் கழற்றினார். அந்த உருவத்தைச் சுற்றிப் போர்த்தினார்.

"என் மக ரொம்பக் குளிர்ந்து போயிருக்கா" என்றார். குரல் கரகரத்தது. "லாசர், என் படை இன்னைக்கே ஆத்துக்குப் போகும். இதப்பத்தி நாம பேச வேண்டாம். எப்பவும்."

குதிரை அதை ஏற்ற விடவில்லை. கனைத்து, முன்னங்காலைத் தூக்கி, நுரை தள்ளியது. அதனால் கிழவர் நடந்தே போனார். பனிச்சரிவில், சிவப்பு அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறைகூடக் குனிந்து அதன் முகத்தைப் பார்க்காமல்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு வம்சத்துப் படைகளும் முதல்முறையாக ஒரே கரையில் நின்றன. உறைந்த ஆற்றின்மேல் வந்த குதிரைக்காரர்கள் பாதிப்பேரை இழந்து புல்வெளிக்கே திரும்பினார்கள். சேதி வந்த அன்று கோட்டையில் மணி அடித்தார்கள். முதலில் வந்த காயம்பட்ட வீரன் மிலித்சாவைத் தேடிவந்து சொன்னான்:

"உன் வீட்டுக்காரன் நல்லாருக்கான். காதுல ஒரு அம்பு உரசிட்டுப் போச்சு. இனி நீ திட்டினா அந்தப் பக்கம் கேக்காதாம், ரொம்ப சந்தோஷமா இருக்கான்!"

மிலித்சா அழுதுகொண்டே சிரித்தாள். நன்றி சொல்ல ஓப்ராத்தின் கோட்டைக்குப் போன தூதன் மட்டும் இன்னும் திரும்பவில்லை. பனி, வழி மூடியிருக்கும் என்றார்கள்.

காயம்பட்டவர்களைப் படுக்கவைக்க இடம் போதவில்லை. "கோபுரம் இப்ப காலிதானே" என்றாள் தெசாங்கா. பகல் வெளிச்சத்தில், வெந்நீரும் துடைப்பமுமாக மிலித்சாவே முதலில் ஏறினாள். மூன்று கதவுகளும் திறந்தே கிடந்தன. ஜன்னல் வழியே வெயில் விழுந்திருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் வெயில் வெயிலாகவே இருந்தது. தரையைக் கழுவினாள், தழை கொளுத்திப் புகை போட்டாள். ராதோவன் வந்ததும் சுடச்சுடக் கறிக்குழம்பு வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடைசிப் படிக்கு வந்திருப்பாள்.

காலுக்கு அடியில், கல்தரைக்குக் கீழே, யாரோ மெல்லத் தட்டினார்கள்.

மிலித்சா அசையவில்லை. வாளி கையிலிருந்து நழுவி, தண்ணீர் கல் இடுக்குகளில் இறங்கியது.

"அக்கா" என்றது ஒரு குழந்தைக் குரல். அழுது அழுது ஓய்ந்த குரல். மேலே கேட்ட குரலைப் போலவே இல்லை.

"அக்கா, அப்பா வந்தாரா? யாருமே என்னைக் கூப்பிடலையே."