எட்டுத் தலைக்கு ஒரு தலை

அவள் கையில் எப்போதும் ஓர் அடிஸ்கேல் இருக்கும். பெஞ்சின் அகலம், பக்கத்தில் இருப்பவரின் மூக்கு நீளம், சாப்பாட்டு டப்பாவின் ஆழம் என்று எதையும் அளக்காமல் விடமாட்டாள். அதனால் ஆறாம் வகுப்பில் அவளுக்கு அடிஸ்கேல் என்றே பெயர் வந்துவிட்டது. வீட்டில் அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். பதிவேட்டில் இருக்கும் பெயரைத் தலைமையாசிரியர் எப்போதாவது சொன்னால், யாரையோ கூப்பிடுகிறார் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியில் கண்காட்சி. சமூக அறிவியல் டீச்சர் வகுப்பை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு, அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஒரு சார்ட் தயாரிக்க வேண்டும். பெற்றோர் வந்து கேள்வி கேட்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று விளக்கவேண்டும், ஒருவர் மட்டும் வந்தால் அந்த சார்ட்டுக்குச் சுவரில் இடம் கிடையாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடிஸ்கேலுக்கு ஜோடியாக வந்தவளை வகுப்பில் எல்லோரும் புதுசு என்று கூப்பிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான் வேறொரு நாட்டிலிருந்து அம்மா அப்பாவோடு வந்து வகுப்பில் சேர்ந்தவள். அதனால் எந்த இரண்டு நாடு என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒன்று இந்த நாடு, இன்னொன்று புதுசு பிறந்து வளர்ந்த நாடு.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள் அடிஸ்கேல். அவள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். புதுசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அடிஸ்கேல் நூலகத்தில் இருந்தாள்.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. உலகத்து நாடுகள் எல்லாம் அதில் அட்டவணையாக இருந்தன. ஒரு ஆளின் சராசரி வருமானம், ஆயிரம் பேருக்கு எத்தனை டாக்டர், எத்தனை வீட்டில் குழாய்த் தண்ணீர், எத்தனை வீட்டில் மின்சாரம் என்று பதினான்கு கேள்விகளைப் பொறுக்கி எடுத்து, கோடு கோணாமல் கட்டம் போட்டாள். வெறும் எண்ணாக இருந்தால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றவே, ஒவ்வொரு வரியிலும் எந்த நாடு முந்துகிறதோ அதன் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினாள். பதினான்கு நட்சத்திரமும் ஒரே பக்கம் வரிசையாக விழுந்தன. பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சார்ட்டை வகுப்பில் விரித்ததும் முதலில் ஓடி வந்தவன் ஸ்பீக்கர். அவன் மெதுவாகப் பேசினாலே மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். கெட்டவன் இல்லை. யோசனை வருவதற்குள் அவனுக்கு வார்த்தை வந்துவிடும், அவ்வளவுதான்.

"பதினாலு, பூஜ்யம்" என்று விளையாட்டுப் போட்டியின் முடிவைச் சொல்வதுபோல் அறிவித்தான். பிறகு முதல் வரியைப் படித்தான். இங்கே ஒரு ஆள் எட்டு ரூபாய் சம்பாதித்தால் அங்கே ஒரு ஆள் ஒரு ரூபாய் சம்பாதிக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. ஸ்பீக்கர் புதுசு பக்கம் திரும்பினான்.

"உங்க நாட்டுல எட்டு மணிக்கு வேலைக்குப் போயிட்டு ஒன்பது மணிக்கே வந்து படுத்துடுவாங்களா?"

வகுப்பே சிரித்தது. அடிஸ்கேலுக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் புதுசின் முகத்தைப் பார்த்தாள். புதுசு அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நோட்டை மூடி, பென்சிலைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள். மூடிய பையையே மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை புதுசு வரவில்லை. வயிற்றுவலியாம், அவள் அப்பா ஃபோன் செய்தார் என்று டீச்சர் சொன்னார். அந்த வயிற்றுவலியை அடிஸ்கேலுக்கு நன்றாகத் தெரியும். நீச்சல் தேர்வுக்கு முந்தைய நாள் அவளுக்கும் அதே வயிற்றுவலி வந்திருக்கிறது. வியாழக்கிழமையும் புதுசின் இடம் காலியாகவே இருந்தது. வேறு பள்ளியில் இடம் கிடைக்குமா என்று அவள் அம்மா விசாரித்துக்கொண்டிருப்பதாக வகுப்பில் பேச்சு அடிபட்டது.

சார்ட்டுக்குச் சுவரில் இடம் கிடைக்காது என்பது இருக்கட்டும். ஒருத்தி தன்னால் பள்ளியையே விட்டுப் போகப்போகிறாள் என்பதைத்தான் அடிஸ்கேலால் தாங்க முடியவில்லை. மாலை மணி அடித்ததும் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புதுசின் அப்பா வேலை செய்யும் இடத்துக்குப் போனாள்.

அது ஒரு சலூன். சலவைக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. உள்ளே இரண்டு கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்ச். புதுசின் அப்பா ஒரு தபால்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஓரத்தில் புதுசு உட்கார்ந்திருந்தாள். அடிஸ்கேலைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வழியெல்லாம் அடிஸ்கேல் ஒரு சமாதானம் யோசித்து வைத்திருந்தாள். அதை அப்படியே கொட்டினாள். "நான் ஒட்டினது தப்புதான். உங்க நாட்டுக்கும் ஒரு அஞ்சாறு நட்சத்திரம் ஒட்டிடறேன். சரியாப் போயிடும்."

புதுசு விருட்டென்று திரும்பினாள்.

"எதுக்கு? பொய்யா ஒட்டின நட்சத்திரம் எனக்கு வேணாம். எங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நாலு மணி நேரம் ஆகும். அது உண்மைதான், எழுது. தண்ணிக்கு அம்மா தினமும் ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னாங்க. அதுவும் உண்மைதான். ஆனா அந்த நாட்டுல பிறந்தவ உன் பக்கத்து இடத்துலயே உட்கார்ந்திருந்தேன். என்கிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

உலகத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் அளந்தவள் பக்கத்திலிருந்தவளை விட்டுவிட்டாள். அடிஸ்கேலை வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டாள். அது சின்னக் குரலில்தான் வந்தது, ஆனாலும் புதுசுக்குக் கேட்டது. அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அடிஸ்கேல் அங்கே உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புதுசின் அப்பாவும் தபால்காரரும் விலைவாசி பேசிக்கொண்டிருந்தார்கள். புதுசுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கியதைப் பற்றி அவர் சொன்னார்.

"மூணு தலை ஆச்சுங்க. எங்க நாட்டுல இதுக்கு இருபது தலை வெட்டணும். ஷூ இங்க பரவாயில்லை. வாடகைதான் முழுங்குது. அங்க முப்பது தலையில ரூம் கிடைக்கும். இங்க மாசம் பொறந்தா நூறு தலை."

அடிஸ்கேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மாதிரி ஒரு அளவை அவள் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"மாமா, நீங்க எல்லாத்தையும் தலையிலதான் கணக்குப் பார்ப்பீங்களா?"

"வேற எதுலம்மா பார்க்கறது? ரெண்டு நாட்டுப் பணமும் போட்டுக் குழப்பிக்கறதுக்கு இது சுலபம். முடி எந்த நாட்டுல வளர்ந்தாலும் முடிதானே."

அங்கே ஒரு தலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். அங்கேயும் கால் மணி நேரம், இங்கேயும் கால் மணி நேரம் என்றார். கத்தரிக்கோலும் அங்கிருந்து கொண்டுவந்த அதே கத்தரிக்கோல்தான். ஆனால் அங்கே எட்டுத் தலைக்குக் கிடைப்பது இங்கே ஒரே தலைக்குக் கிடைக்கிறது. அங்கே காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் மூடுவார். இங்கே ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும்தான் வேலை.

அடிஸ்கேலுக்குத் தலை சுற்றியது. அதே கை, அதே கத்தரி, அதே கால் மணி நேரம். அங்கே உழைப்பு இன்னும் அதிகம். "அப்புறம் ஏன் மாமா அங்க கம்மியா வாங்கினீங்க?"

"வெட்டிக்க வர்றவருக்கே அங்க கொஞ்சம்தானே கிடைக்குது. அவர்கிட்ட நான் எப்படிம்மா நிறைய கேட்கறது?" என்றார் அவர். தபால்காரரின் தலை கத்தரிக்கடியில் ஆமாம் என்று ஆடியது. ஆடாதீங்க, காது போயிடும் என்று அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

அடிஸ்கேல் சுருட்டிய சார்ட்டை எடுத்துத் தரையில் விரித்தாள். நட்சத்திரங்களை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சில இடங்களில் தாளும் சேர்ந்து வந்தது. பிறகு சார்ட்டைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டாள். பென்சிலைப் புதுசிடம் நீட்டினாள்.

"புத்தகத்துல இருந்து ஏழு கேள்வி போதும். மீதி ஏழு நீ சொல்லு."

புதுசு முதலில் தயங்கினாள். பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. ஒரு புத்தகம் எத்தனை தலை, ஒரு ஃபோன் எத்தனை தலை, ஒரு பல் பிடுங்க எத்தனை தலை என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டு, எண்ணுக்குப் பதில் தலைகளாகவே வரைந்தாள். பால் பாக்கெட் அங்கே ஒரு தலை, இங்கே தலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதை எப்படி வரைவது என்று இருவரும் தவித்தார்கள். கடைசியில் ஒரு காதை மட்டும் வரைந்தார்கள்.

தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரம் என்ற வரியில், அங்கே இரண்டு மணி நேரம், இங்கே குழாயைத் திருகும் நேரம் என்று எழுதினாள். கடைசிக் கேள்வி, தெருவில் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்பது. அங்கே நாற்பத்தாறு பேர் என்று விரல் விட்டு எண்ணி எழுதிவிட்டு, இங்கே ஒன்று என்று எழுதினாள்.

"அது யாரு?" என்று கேட்டாள் அடிஸ்கேல்.

"மாடி வீட்டு நாய்."

இருவரும் சிரித்த சிரிப்பில், முடி முடிந்து ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்த தபால்காரர் மறுபடியும் ஆடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வராந்தா நிரம்பி வழிந்தது. மற்ற சார்ட்டுகளின் முன்னால் வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். தலைகள் வரைந்த சார்ட்டின் முன்னால் கூட்டம் கலையவே இல்லை. நடுவில் நின்று புதுசு விளக்கிக்கொண்டிருந்தாள். அடிஸ்கேல் குச்சியால் வரிகளைச் சுட்டிக் காட்டினாள், வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வகுப்புக்கே தெரியும்.

ஸ்பீக்கர் அவன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தான். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். ஸ்பீக்கரும் கூடவே, அவனால் முடிந்த அளவு மெதுவாக, படித்தான். அங்கே வேலை நேரம் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை என்ற இடத்தில் அவன் குரல் நின்றது. காது சிவந்து, ஷூவின் நுனியைப் பார்த்தான்.

ஓட்டுநர் புதுசிடம் குனிந்தார்.

"அப்ப நான் அங்க பஸ் ஓட்டியிருந்தா, இதே வேலைக்கு எட்டுல ஒரு பங்குதான் வாங்குவேனா?"

புதுசு யோசித்தாள். "கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா. ஆனா அங்க ரோடெல்லாம் குழியா இருக்கும். மழை வந்தா பாதி ரோடு இருக்காது. நீங்க இதைவிட இன்னும் நல்லா ஓட்டணும்."

ஓட்டுநர் மெல்ல நிமிர்ந்தார். "கேட்டுக்கோடா. அங்க ஓட்டறவருக்கு என்னைவிடத் திறமை வேணும்" என்று மகனிடம் சொன்னார். ஸ்பீக்கர் புதுசைப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில், "ஸாரி" என்றான். திங்கட்கிழமை மதியம் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட வருவாளா என்றும் கேட்டான். புதுசு அடிஸ்கேலைப் பார்த்தாள். மூன்று பேரும் உட்காரலாம் என்றாள். வேறு பள்ளியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

கூட்டம் கொஞ்சம் விலகியபோது வராந்தாவின் கடைசியில் புதுசின் அப்பா நிற்பது தெரிந்தது. வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வந்திருந்தார். சட்டைக் காலரில் வெட்டிய முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுசு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து சார்ட்டின் முன்னால் நிறுத்தினாள். அந்த நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல் முதல் வரியிலிருந்து விளக்க ஆரம்பித்தாள். அவரும் கைகட்டி நின்று, ஒன்றுமே தெரியாதவர்போலக் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.