ஒற்றைக்கால் முறை

காலை ஐந்தரை மணிக்கு வடிவு நடுங்கப் போவாள்.

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் அது யாருக்கும் புதுமை இல்லை. மார்க்கெட்டுக்கு எதிரே மாநகராட்சி நடுக்கக்கூடம் இருந்தது. வாசலில் பெயர் எழுதிவிட்டு, உடம்புக்குள் இருக்கும் இதமிக் கருவியை நிறுத்திவிட்டு, மைனஸ் இருபது டிகிரி அறையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பல் கிட்டித்துவிட்டு வருவார்கள். மூட்டுக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டடம் வியர்வைக்கூடம். அங்கே கூட்டம் சேரவில்லை. வாடை தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதமி என்பது அவரைவிதை அளவில் ஒரு கருவி. குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் கழுத்தெலும்புக்குக் கீழே பதித்துவிடுவார்கள். வெளியே நாற்பத்தேழு டிகிரி கொளுத்தினாலும் உடம்பை அது இதமாகவே வைத்திருக்கும். வேண்டாத சூட்டைத் தோள்பட்டைத் தகடு வழியாக வெளியே தள்ளிவிடும். வெளியே என்றால் தெருவில்தான். ஒரு ஆளின் சூடு தெருவுக்கு ஒரு பொருட்டா என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். இதமியைக் கூட்டிக் குறைக்க விரல் நீளத்தில் ஒரு கோல் உண்டு. தேவைப்படும் நேரத்தில் அது எப்போதும் கைக்கு எட்டாத மேசைமேல்தான் கிடக்கும்.

வடிவுக்கு முப்பத்தெட்டு வயது. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. அவள் நடுங்கப் போனது மூட்டுக்காக அல்ல, வடமுனை அறுநூறுக்காக. உறைந்த கடலின் மேல் அறுநூறு கிலோமீட்டர் மிதிவண்டிப் பந்தயம் அது. ஆறு நாள் கெடு. புறப்படும்போது இதமியை அணைத்து முத்திரை வைத்துவிடுவார்கள். அப்படி ஆறு நாள் அணைத்து வைக்க ஒரு ஆளுக்கு வாழ்நாளில் இரண்டு தடவைதான் மருத்துவக் குழு அனுமதி தரும்.

வடிவு ஒரு தடவையைச் செலவழித்துவிட்டாள். நான்கு வருடத்துக்கு முன் நானூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில், பனிச்சறுக்கு வண்டியில் கட்டித் தூக்கி வந்தார்கள். கொண்டுபோன உடுப்பை எல்லாம் முதல் நாளே போட்டுக்கொண்டு மிதித்தாள். மூன்றாம் நாள் முதுகு நனைந்தது. தண்ணீர்ப்பை ஓட்டையாகிவிட்டது என்று நினைத்தாள். அது வியர்வை. பிறந்ததிலிருந்து வியர்த்தறியாத உடம்புக்கு அது எப்படித் தெரியும்? நின்றதும் வியர்வை முதுகோடு பலகையாய் உறைந்தது. இந்தத் தடவையும் முடிக்காவிட்டால் இனி அந்தப் பந்தயத்தைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டுக் கூடத்தில் சாமான் பரப்பப்பட்டது. எதிரில் கணவன் ஆவுடையப்பன். நடுவில் தம்பி.

தம்பி என்பது வீட்டுப் பொதிவான். பயணத்துக்கு மூட்டை கட்டவே செய்யப்பட்ட எந்திரம். முக்காலி உயரம், நான்கு கைகள். வாங்கிய அன்று உறவுமுறை கேட்டது. ஆவுடையப்பன் யோசிக்காமல் "என் தம்பின்னு வச்சுக்கோ" என்றான். அன்றிலிருந்து அது வடிவை மதினி என்று கூப்பிட்டு வருகிறது.

பந்தயக் குழுவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மூட்டை இருபத்திரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சான்று காட்ட வேண்டும்: எத்தனை பேர், எத்தனை டிகிரியில், அதை வைத்துப் பிழைத்தார்கள் என்று. குளிர் என்றால் என்னவென்றே அறியாத தலைமுறை, கண்டதைக் கட்டிக்கொண்டு வந்து செத்துவிடக் கூடாதல்லவா.

"நார்வேக்காரன் பட்டியல வச்சுப் போன தடவ மூட்ட கட்டிப் பாத்தாச்சு. என்ன ஆச்சு?" என்றான் ஆவுடையப்பன். "அவன் உடம்பு வேற, நம்ம உடம்பு வேற. தம்பி, நம்ம ஆளுவ அந்தக் காலத்துல குளிருக்கு என்ன பண்ணாவன்னு பாரு."

"நம்ம ஊருல எப்பங்க குளிர் இருந்துச்சு?" என்றாள் வடிவு.

"இல்லாமயா இருக்கும்? தேடட்டுமே."

தம்பி தேடியது. மாவட்டக் காப்பகத்தில், நூற்றிருபது வருடத்துக்கு முன் தமிழ்க் குடும்பங்கள் கைப்பேசியில் அனுப்பிக்கொண்ட செய்திகள் கோடிக்கணக்கில் கிடந்தன. இரண்டு நாள் கழித்து நான்கு கைகளையும் கட்டிக்கொண்டு வந்து நின்றது.

"அண்ணன் சொன்னது சரி, மதினி. நம் முன்னோர் கடுங்குளிரில் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சான்றுகள். 'குளிர் தாங்கல', 'உறைஞ்சிட்டேன்', 'விரல் மரத்துப்போச்சு', 'செத்திருவேன் போல.' பெரும்பாலும் பதினாறு முதல் இருபது டிகிரி. சராசரி பதினெட்டு."

"பதினெட்டுன்னா பிளஸ்ஸா, மைனஸா?"

"அதை அவர்கள் குறிக்கவில்லை. வேதனையை வைத்து நான் கணக்கிட்டேன். மைனஸாகத்தான் இருக்க முடியும். அதைவிட முக்கியமான செய்தி, இத்தனை பேரில் ஒருவர்கூட இறந்ததாகப் பதிவில்லை. பிறகும் பல வருடம் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். முறை நம்பகமானது."

ஆவுடையப்பன் மனைவியை 'நான் சொன்னேன்ல' என்று ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை வடிவு பத்து வருடமாக அறிவாள்.

தம்பியின் பட்டியல் நீளமாக இருந்தது. கழுத்துவரை மூடும் குரங்குக் குல்லா இரண்டு. காதுக்குப் பஞ்சு. நெஞ்சில் தடவத் தைலம். முரட்டுக் கம்பளி. கொறிக்க முறுக்கு, ஏனென்றால் நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் குளிரில் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"ஒரு நுட்பம் மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது" என்றது தம்பி. "பெரும்பாலோர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுக்கிறார்கள். மறுபடி நீட்டுகிறார்கள். மிகுந்த சூட்டை வெளியேற்றும் முறை என்று நினைக்கிறேன். ஒற்றைக்கால் முறை என்று பெயர் வைத்திருக்கிறேன்."

வடிவு சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுதாங்க. போன தடவ நான் பண்ணாம விட்டது இதான். வேர்க்கதுக்கு முந்தியே திறந்து விட்டுறணும்."

அன்றே தன் மேலங்கியில் இரண்டு அக்குளுக்கும் ஜிப் மாதிரி இழுவைப்பட்டை தைத்துக்கொண்டாள். அரைமணிக்கு ஒரு தடவை தம்பி வீட்டிலிருந்தே காதுக்கருவி வழியாகச் சொல்ல வேண்டும், அவள் திறந்து மூட வேண்டும் என்று ஏற்பாடு.

மற்ற சாமான்களை அவளே பார்த்துக்கொண்டாள். ஐந்து விரல் அகல டயர் இரண்டு. பனியில் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும். கைப்பிடிமேல் மாட்டும் பெரிய கம்பளி உறை. உறங்குபை. மண்ணெண்ணெய் அடுப்பு. தீப்பெட்டி மூன்று, மூன்று இடத்தில். தண்ணீர்ப்பை உடம்பை ஒட்டி, சட்டைக்குள்.

எடை போட்டதில் ஒரு கிலோ கூடுதலாக இருந்தது. தம்பி மூட்டையைத் துழாவி, உறங்குபைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தது.

"அல்வா" என்றது.

"ஒரு கிலோதானட்டி" என்றான் ஆவுடையப்பன். "அங்க யாருக்காவது குடுக்கலாம்ல."

"மைனஸ் நாப்பதுல அது கல்லாப் போவும். ஆணி அடிக்கலாம்."

"அப்போ ஆணி அடிக்க ஆச்சு."

"முறுக்கு போதுங்க. அதுல ஈரம் இல்ல, உறையாது."

அல்வா வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆவுடையப்பன்தான் தின்று தீர்த்தான்.

பனிக்கரை முகாமில் சோதனை அதிகாரியின் பெயர் ஹில்டூர். வயதானவள். காதில் மொழிபெயர்ப்பான் மாட்டியிருந்தாள். குரங்குக் குல்லாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சான்றுத் தாளைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரா? எனக்கு வந்த சான்றுகளில் அதிகபட்சம் நானூறு பேர்தான். அதுவும் பாதி இறந்தவர்கள்."

"எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் கெட்டி" என்றாள் வடிவு.

ஹில்டூர் எழுந்து நின்று கைகொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்ற கிரீன்லாந்துக்காரன் ஒருவன், அந்தக் குல்லா கூடுதலாக இருக்கிறதா என்று மெல்லக் கேட்டான்.

முதல் மூன்று நாள் குறை ஒன்றும் இல்லை. அரைமணிக்கு ஒரு தடவை "ஒற்றைக்கால், மதினி" என்று காதில் குரல் வரும். வடிவு அக்குள் பட்டையைத் திறப்பாள், குளிர் உள்ளே ஓடும், மூடுவாள். முதுகு நனையவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் கல்லாகிப்போன இனிப்புக் கட்டியைக் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் மொறுமொறுவென்று முறுக்கு தின்றாள்.

நான்காம் நாள் நண்பகல், நானூற்றுப் பத்தாவது கிலோமீட்டர். மைனஸ் முப்பத்தெட்டு. காற்று எதிரே நின்றது. வடிவு அரைமணி ஓய்வுக்கென்று உறங்குபைக்குள் போனாள். அரைமணி ஒரு மணியானது. எழுந்திருக்க மனம் வரவில்லை. பனிச்சறுக்கு வண்டியைக் கூப்பிடும் சிவப்புப் பொத்தான் மார்பில்தான் இருந்தது. அதற்கு எழுந்திருக்கக்கூடத் தேவையில்லை.

"தம்பி" என்றாள். "அந்தக் காலத்து ஆளு யாராவது எழுதினத வாசி. துணைக்கு."

"நாற்பதாயிரத்து முந்நூற்றுப் பதினாறாம் சான்று. சென்னை, வேளச்சேரி. மே மாதம்."

"மே மாசத்துலயே இப்படின்னா, மார்கழியில என்ன பாடு பட்டிருப்பாவ."

தம்பி வாசித்தது. "'பதினெட்டுல வச்சிருக்கு. உறையுது. ரெண்டு போர்வை போர்த்தியும் பத்தல. ரிமோட் மேசைமேலதான் இருக்கு. யாரு எந்திரிக்கது.'"

"ரிமோட்டுன்னா?"

"பதிவில் விளக்கம் இல்லை, மதினி. உயிர்காக்கும் பொருளாகத்தான் இருக்க வேண்டும். நான்கடி தூரத்தில் இருக்கிறது. அதை எடுக்கக்கூட எழ முடியாத குளிர்."

வடிவு பைக்கு வெளியே தலையை நீட்டினாள். "அப்புறம் என்ன ஆச்சாம்?"

"காலை எட்டு மணிக்கு, 'நல்லா தூங்கினேன்' என்று அனுப்பியிருக்கிறார்."

அவள் கண் கலங்கியது. கண்ணீர் இமையில் உடனே உறைந்தது. விரலால் உடைத்துப் போட்டாள். என்ன மனுஷன். சாவின் விளிம்பில் ஒரு ராத்திரி கிடந்து, விடிந்ததும் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல ஒரு நெஞ்சு வேண்டாமா? அவருக்குப் பின்னால் வந்த நான், இந்தக் காற்றுக்கா பயப்படுவது?

உறங்குபையை உதறிச் சுருட்டினாள். மிதித்தாள்.

ஆறாம் நாள் கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் முடிவுக் கோட்டைத் தொட்டாள். இருபத்துமூன்றாவது இடம். முகாம் திரையில், வீட்டில் தம்பியோடு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஹில்டூர் சூப்போடு வந்தாள். முகாம் அருங்காட்சியகத்தில் 'மைனஸ் பதினெட்டு மக்கள்' என்று ஓர் அறை வைக்கப் போவதாகவும், படம் ஏதாவது வேண்டும் என்றும் சொன்னாள். தம்பி நாற்பதாயிரத்து முந்நூற்றுப் பதினாறாம் ஆள் காலையில் அனுப்பிய படத்தைத் திரையின் ஒரு பாதியில் போட்டது.

கட்டில். கழுத்துவரை போர்வை, வெளியே ஒற்றைக்கால். சுவரில் ஒரு நீள வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை நிறத்தில் 18. சன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்தது. அங்கே சட்டையில்லாத ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டு, தன் பக்கம் அனல் ஊதும் வேறொரு பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஹில்டூர் வெகுநேரம் பார்த்தாள். "இந்தப் பெட்டி எங்களிடம் ஒன்று இருக்கிறது" என்றாள். "குளிர் உண்டாக்கும் பெட்டி. அறைச் சூட்டை எடுத்து வெளியே தள்ளும்."

"அப்ப அந்தக் குளிரு?"

"அவரே வைத்துக்கொண்டது. பிளஸ் பதினெட்டு."

"போர்வை?"

"அதுவும் அவரே."

திரையில் ஆவுடையப்பன் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினான். "குளிரையும் வச்சுக்கிட்டு, போர்வையையும் போத்திக்கிட்டா?"

தம்பி நான்கு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டது. "கணக்கு என்னுடையது, மதினி. இவ்வளவு வேதனை பிளஸ்ஸில் வர வழியே இல்லை என்று நினைத்தேன்."

வடிவின் கையில் சூப் ஆறியது. சான்று பொய்யென்றால் ஓட்டம் செல்லாது. அந்த விதி அவளுக்கு மனப்பாடம்.

ஹில்டூர் சான்றுத் தாளை எடுத்தாள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தை அடித்தாள். பக்கத்தில் 'ஒருவர்' என்று எழுதினாள். மைனஸ் பதினெட்டை அடித்து, மைனஸ் முப்பத்தெட்டு என்று திருத்தினாள். உயிரோடு இருக்கிறாரா என்ற கட்டத்தில், வடிவை ஒருமுறை பார்த்துவிட்டு 'ஆம்' என்று குறித்தாள்.

"இப்போது சான்று சரி" என்றாள். "ஒன்று தெரியுமா? நீ மிதித்து வந்த இந்தக் கடல் இடையில் அறுபது வருடம் தண்ணீராகக் கிடந்தது. மறுபடி உறைய வைக்க எங்களுக்கு மூன்று தலைமுறை பிடித்தது." திரையில் வெளியே நீட்டியிருந்த அந்தக் காலைக் காட்டினாள். "அவர் நன்றாகத் தூங்கியிருக்கிறார்."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஹில்டூரும் சேர்ந்துகொண்டாள்.

ஊர் திரும்பிய ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து வடிவு கட்டிலில் சாய்ந்தாள். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. பந்தய உறங்குபை அறை மூலையில் கிடந்தது. இனி அதற்கு வேலையில்லை. தூக்கிப் போடவும் மனமில்லை.

"ஏங்க" என்றாள். "இதமிய நாலு படி குறைங்களேன். அந்தப் பைக்குள்ள கதகதன்னு தூங்குன சொகம் இருக்கே, அது வேற."

ஆவுடையப்பன் இரண்டு பேருக்கும் குறைத்தான். கோலை மேசைமேல் வைத்துவிட்டு வந்து, பையை விரித்து இருவர்மேலும் போர்த்தினான். இருவர் தோள்பட்டைத் தகடும் ரீங்கரித்துக்கொண்டு சூட்டைத் தெருப்பக்கம் தள்ளத் தொடங்கின.

கால்மணி கழித்து அவன் பல் கிட்டியது. "ரொம்பக் குளிருதுட்டி. உறையுது. கொஞ்சம் கூட்டேன்."

"கோலு மேசைல இருக்கு."

"எந்திரிச்சு எடேன்."

"யாரு எந்திரிக்கது" என்று வடிவு ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள்.

மூலையில் நின்ற தம்பி ஒரு புதுச் சான்றுத் தாளைத் திறந்தது. சொன்னதை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டது. பிறகு தயங்கி, தாழ்ந்த குரலில் கேட்டது.

"மதினி, இதை பிளஸ்ஸில் எழுதவா, மைனஸிலா?"